காரிகண்டனைக் காப்பாற்றியவர்

அய்யாக்கண்ணு ரயில்வே கேட்காரர். ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்பே கேட்டைச் சாத்திவிடும் கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது. "திமிர் புடிச்ச ஆளு" என்று பஸ்காரர்கள் திட்டினார்கள். திட்டட்டுமே. அரியலூருக்கு வெளியே பொட்டல் காட்டில், மனைவி செத்து, மகள் பம்பாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போய், ஒற்றை அறையில் கிடந்த மனிதரிடம் யார் நின்று பேசுவார்கள்? கேட் சாத்தினால்தான் நிற்பார்கள்.

அப்படி நின்றவன்தான் வீரமுத்து. ஆண்டிமடம் பக்கத்திலிருந்து வாராவாரம் முந்திரி விறகு ஏற்றி வரும் வண்டிக்காரன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. எழுபத்தெட்டாம் வருஷ வாக்கில் ஒருநாள், வாரப்பத்திரிகைத் தொடர்கதையை அய்யாக்கண்ணு அவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். சோழர் காலத்து மந்திரவாதிகள் இரண்டு பேரின் பகை அது. பூதநந்தி ஏரியைக் கல்லாக்குவான். காரிகண்டன் அந்தக் கல்லுக்குள் கையை விட்டு மீன் பிடிப்பான். ரயில் போன பிறகும் கேட் திறக்கவில்லை.

வீரமுத்து காரிகண்டன் கட்சி. "உங்க பூதநந்தி வெத்து வேட்டுண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டை ஓட்டுவான். அந்த ஒரு பேச்சுக்கு அய்யாக்கண்ணு அடுத்த வாரம் வரைக்கும் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு வாரம் 'முற்றும்' என்று போட்டுவிட்டார்கள். காரிகண்டன் செத்தான், பூதநந்தி ஜெயித்தான். தன் ஆள் ஜெயித்தும் அய்யாக்கண்ணு அந்தப் பக்கத்தைப் படித்துக்காட்டாமல் புரட்டிவிட்டார். கதை முடிந்துவிட்டால் வீரமுத்து எதற்கு நிற்பான்? சினிமாப் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு, காரிகண்டன் எறும்பாகித் தப்பிவிட்டான் என்று 'படித்தார்'. அதற்குப் பிறகு வாராவாரம் அவரே கட்டிய கதைதான்.

தை மாதத்தில் ஒருநாள் வீரமுத்து மாட்டைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "டீக்கடையில எப்பவோ சொல்லிட்டாங்கண்ணே, கதை முடிஞ்சுபோச்சுன்னு. காரிகண்டன் செத்துட்டானாமே?"

அய்யாக்கண்ணு பத்திரிகையை மடித்தார்.

"அது அவங்க கதை. நீங்க நம்ம ஆள சாவ வுட்டுடாதீங்க. போயிட்டு வரேன்."

அவன் திரும்பி வரவில்லை. விறகு லாரியில் வந்தது. வீரமுத்து மாட்டை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டதாக லாரி டிரைவர் இன்ஜினை நிறுத்தாமலேயே சொன்னான்.

இனி பூதநந்தியை ஜெயிக்கவைத்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. அய்யாக்கண்ணுவுக்கு மனம் வரவில்லை. வாராவாரம் அதே நாளில் கேட்டைச் சாத்திவிட்டு, பத்திரிகையை விரித்து, காரிகண்டனை இன்னொரு தடவை சத்தமாகக் காப்பாற்றிவிட்டுத்தான் திறந்தார். அதுவரை லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.