சுக்கானில் ஆள் இல்லாத படம்

காத்தான்குடிப் பதியுதீன் முதலாளியைப் பற்றி நல்லதாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கு மனம் வராது. கடல் படம் பார்க்கத் தெரிந்த ஆள். கொப்பறாத் தேங்காய் வியாபாரிக்கு அது எங்கிருந்து வந்ததோ, மண்முனைத் துறையில் தோணி ஏறினாலே வாந்தி எடுக்கிறவனுக்கு! அவர் என்று எழுத வேண்டிய வயதுதான். கை வரவில்லை.

சீமைக்குத் திரும்பும் தென்னந்தோட்டத் துரைமார் விட்டுப்போகும் கப்பல் படங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தான். பதினொரு படம். எல்லாம் அவன் பெண்சாதி கைறுன்னிஸாவின் சீதன வீட்டு மண்டபத்தில் தொங்கின. வேறொரு படத்தை ஒரு கிழமையில் திருப்பிக் கொண்டுபோய் விற்றவன் தலையில் கட்டினான். கொடி ஒரு பக்கம் பறக்கிறதாம், பாய் மறுபக்கம் புடைக்கிறதாம். போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

நான் ஆரையம்பதியில் வண்டிக்கும் தோணிக்கும் கோயில் சுவருக்கும் சாயம் அடிக்கிறவன். சட்டம் துடைக்கவும் வார்னிஷ் பூசவும் கூப்பிடுவான். படத்தில் கைவைக்க விடமாட்டான்.

"நீ சுவருக்குப் பூசுறவன் யோகராசா. சட்டத்தைத் தொடக்குள்ள மூச்சையும் புடிச்சுக்கொள்" என்பான்.

வயிற்றுப்பாட்டுக்காகக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

முப்பத்தெட்டாம் ஆண்டில் பன்னிரண்டாவது படம் வந்தது. மாற்றலாகிப் போன கலங்கரை வெளிச்சவீட்டுத் துரை தன் கையால் வரைந்தது. நம் ஊர்ப் பாய்க்கப்பல், பின்பக்கத்திலிருந்து பார்த்தபடி. ஏழு வருடத்துக்கு முந்திய கார்த்திகைப் புயலில் ஆட்கள் அத்தனை பேரோடும் மூழ்கிப்போன கப்பல் அது. சுக்கானில் அதை ஓட்டிய தண்டையல் முகைதீன்பாவா திரும்பிப் பார்த்தபடி நின்றார். புளியங்கொட்டை அளவு முகம். ஆனாலும் அவரேதான் என்று ஊரே சொன்னது. இடக்கைக்காரர். படத்திலும் இடக்கைதான் சுக்கானைப் பிடித்திருந்தது.

அவருடைய மனைவி சித்தி நபீஸா கேள்விப்பட்டு மகளோடு வந்தாள். அவர் போய் நாலாம் மாதம் பிறந்த பிள்ளை றமீஸா. அந்த மனிதர் போட்டோப் பிடித்ததே இல்லை. பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார்கள். ஒரு மூலையில் இருந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழும்பிப் போவார்கள். பதியுதீனுக்கு அதுவே பொறுக்கவில்லை. படத்துக்கு மூச்சுப் படுகிறதாம்.

ஒருநாள் நான் ஏணியில் நிற்கும்போதே கைறுன்னிஸா சொன்னாள்.

"மத்தப் படத்தில ஆள் இல்ல. இதில இரிக்கி. தொழுற மண்டபத்தில இது வேணாம். நபீஸாவுக்குக் குடுத்திருங்க."

"அவளுக்கு ஆள்தானே வேணும். எனக்குக் கப்பல் வேணும்" என்றவன், என்னைப் பார்த்தான். "யோகராசா, ஆளை மூடிப் போடு. கடலைப் பூசி விடு."

"முதலாளி, அந்தப் புள்ளைக்கு வேற படம் இல்லையே" என்றேன்.

"ஏலாதெண்டா சொல்லு. ஏறாவூர்ல ஆள் இரிக்கி."

கைறுன்னிஸா உள்ளே போய்விட்டாள்.

நான் மாட்டேன் என்றிருக்கலாம். பயத்தால் செய்தேன் என்று இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டு திரிந்தது பொய். பன்னிரண்டு படத்தில் ஒன்றிலாவது என் தூரிகை பட வேண்டும் என்ற ஆசை. நீலத்தில் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் கறுப்புச் சேர்த்து, முதலில் காலை மூடினேன், பிறகு கையை. முகத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். கடல் நன்றாக வந்தது. துரையின் கடல் எது, என் கடல் எது என்று தெரியவில்லை. அதில் எனக்குச் சந்தோசம்கூட இருந்தது.

இரண்டு நாளில் ஆள் அனுப்பினான். போனால், படத்தின் முன்னால் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கிறான்.

"பாய் முழுக்கக் காத்து. சுக்கான்ல ஆள் இல்ல. கப்பல் எப்பிடி நேராப் போகும்? படத்தைக் கெடுத்துப் போட்டாய். கழுவு."

செத்தவன் முகத்தை மூடச் சொன்னபோது வராத கவலை அப்போது வந்தது அவனுக்கு. டர்பன்டைன் போட்டுத் துடைத்தேன். போகவில்லை. கத்தியால் சுரண்டச் சொன்னான். சுரண்டினேன். என் நீலம் உரிந்தது, அதோடு துரையின் சாயமும் உரிந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் துணி தெரிந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதை இரண்டு பேரும் மறந்துபோனோம். நபீஸா பிள்ளையோடு வந்து வாசலில் நின்றாள். பதியுதீன் அவளிடமே முறைப்பாடு சொன்னான்.

"பாருங்க தங்கச்சி, சுக்கான்ல ஆளில்லாம என்ர படம் நாசமாப் போச்சு."

அந்தச் சொல்லுக்காக இன்றைக்கும் அவனை என்னால் மன்னிக்க முடியாது. கைறுன்னிஸா உள்ளேயிருந்து வந்து, இது என்ர வீடு, பொழுது படுறதுக்குள்ள எல்லாப் படமும் கீழ இறங்கோணும் என்றாள். பன்னிரண்டும் கொப்பறாக் கிட்டங்கிக்குப் போயின. கறையான் தின்றதாகக் கேள்வி. நன்றாகத் தின்னட்டும்.

நபீஸா என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

"அண்ணன், கடைசியா அந்த முகத்தைக் கிட்ட நிண்டு பார்த்தது நீங்கதான். புள்ளைக்கு ஒருக்கா வரைஞ்சு தாங்க."

ஒரு மாதம் வரைந்தேன். எட்டுத் தாள் கிழித்தேன். இடக்கை சுக்கானைப் பிடித்தபடி வந்த ஒன்பதாவதைக் கொண்டுபோய் நபீஸாவிடம் நீட்டினேன். அவள் வாங்காமல் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னாள். றமீஸா வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு தாளை என்னிடமே திருப்பித் தந்தாள்.

"கை வாப்பாட கை மாமா. முகம் வேற ஆருடையோ."