கடைசி வரிசையிலிருந்து வந்த "ம்"

டெனிஷ்காரருக்குக் கதை சொல்வதைப்போல ஒரு கொடுமை கிடையாது. கையைக் கட்டிக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் கேட்பார்கள். அது மரியாதையாம். சிறுவர் இலக்கியப் பேராசிரியர் என்று பெயர் வாங்கி, இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே இத்தனை வருசம் படிப்பித்த பிறகும் அந்த மரியாதை எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஆட்களிடம் கதை சொன்னால், வசனத்துக்கு வசனம் யாராவது "ம்" கொட்ட வேண்டும். ம் நின்றால் கதையும் நின்றுவிடும்.

அதனால்தான் எங்கள் ஊரான சில்க்போர்க் நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கியபோது என் கணவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவருக்குத் தொழிற்சாலையில் வேலை. கிழமை முழுக்க நின்ற கால்களோடு வந்து, கடைசி வரிசையில் பிள்ளைகளின் குட்டைக் கதிரையில் குந்துவார். நான் டெனிஷில் ஒரு வசனம் சொல்லி நிறுத்துவேன். பின்னாலிருந்து "ம்" வரும். நான் அடுத்ததற்குப் போவேன். மனிதர் நித்திரையில்தான் ம் கொட்டுகிறார் என்று ஒருநாள் சந்தேகம் வந்து, ராசா டிராக்டரைத் தின்றார் என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் அதற்கும் "ம்" என்றார். காரில் ஏறியதிலிருந்து அவருக்கு ஏச்சுத்தான்.

"நீர் சொன்னா ராசா தின்னத்தானே வேணும்," என்றார். அதற்குப் பிறகு எப்படி ஏசுவது?

போன மாரியில் அவர் போய்விட்டார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை.

குளிர் விட்டபின் நூலகத்துக்குத் திரும்பப் போனேன். கதை வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. முதல் வசனத்தைச் சொல்லிப் பழக்கதோசத்தில் நிறுத்தினேன். "ம்" வந்தது. தாழ்ந்த குரலில், கொஞ்சம் சளி கட்டினமாதிரி, அவருடைய ம். கடைசி வரிசைக் கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. எனக்குப் பயம் வரவில்லை. சந்தோசமாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. வகுப்பில் பேய்க்கதைகளை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டுகிறவள், இதை ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. சனிக்கிழமைக்காகவே மற்ற நாட்களைத் தள்ளினேன்.

பிறகு நூலகப் பொறுப்பாளர் என் மகளை அழைத்துக் கதைத்திருக்கிறார். பிள்ளைகள் அந்த ம் சத்தத்துக்குப் பயப்படுகிறார்களாம், சிலர் அழுதார்களாம், இப்படியே போனால் கதை நேரத்தை நிறுத்த வேண்டி வருமாம். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் ஒரு குதூகலமும் இருந்தது. அப்படியென்றால் அவருடைய குரல் மற்றவர்களுக்கும் கேட்கிறது.

அடுத்த சனிக்கிழமை மகள் வந்து, கைத்தொலைபேசியில் என்னைப் படம் பிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் குசினி மேசையில் வைத்துப் போட்டுக் காட்டினாள். அதில் நான் ஒரு வசனம் சொல்கிறேன். நிறுத்துகிறேன். என் கண் கடைசி வரிசைக்குப் போகிறது. தாடை தாழ்கிறது. என் தொண்டையிலிருந்து அவருடைய ம் வருகிறது. ஒவ்வொரு வசனத்துக்கும் அப்படியே.

நான் தமிழில் எதைக் கேட்டாலும் டெனிஷில் பதில் சொல்கிற மகள், அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, அது நீங்கள்தான்."

ஓம் என்றேன். அழிக்கவா என்று கேட்டாள். அழிக்கச் சொல்லவும் மனம் வரவில்லை, வைத்திருக்கச் சொல்லவும் வரவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமையும் போனேன். போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் கதை நேரத்தை நிறுத்திவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? முதல் வசனத்தைச் சொன்னேன். பல்லைக் கடித்து, உதட்டை இறுக்கிப் பிடித்தேன். அது தொண்டை வரைக்கும் வந்து முட்டியது. விழுங்கினேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாரியில் நாங்கள் அவரை எரித்தோம். ஆனால் எனக்கு அவர் செத்தது அந்த அறையில்தான், நான் வாயை மூடிய அந்த நேரத்தில். அடுத்த வசனத்தைச் சொன்னேன்.