கண்ணகியை ஏன் உட்கார வைத்தார்கள்?

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே செருப்புக் கடை வைத்திருக்கும் அப்துல் ஜப்பார் பாய் ஒருநாளும் பந்தைத் தொட்டு விளையாடியவர் இல்லை. ஆனால் பேச்சு? அடேயப்பா! கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து ஆட்டம் என்றால் போதும், கடையை மனைவி ஜீனத்துன்னிசாவிடம் விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடிவிடுவார். பிள்ளை இல்லாத மனிதர். அந்தப் பெண்களில் ஒருத்தி பந்தைப் பறித்தால் தன் வீட்டுப் பிள்ளையே பறித்த மாதிரி எழுந்து நின்று கத்துவார். அந்த ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. கேடெல்லாம் வாயால்தான் வந்தது.

கம்பி வேலி ஓரம் அவருக்கென்று ஒரு கூட்டம் உண்டு. தியாகதுருகத்திலிருந்து மொபெட்டில் வந்து சேரும் கரும்பு விவசாயி தங்கமணிதான் அதில் அவருக்குச் சரிக்குச் சரி நிற்கிறவர். சண்டை எப்போதும் டிபென்ஸைப் பற்றித்தான். பயிற்சியாளர் ஜெயசுதா டீச்சர் ஆளுக்கு ஆள் துரத்த விடமாட்டார்; ஒவ்வொருத்திக்கும் ஓர் இடத்தைப் பிரித்துக் கொடுத்து, அதைக் காக்கச் சொல்வார். நடுவில் நிற்பவள் கண்ணகி. வெள்ளிமலைப் பக்கத்துப் பெண், நல்ல உயரம். அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் எதிரணி தலைகீழாக நின்றாலும் உள்ளே வர முடியாது. ஆனால் மூன்றாவது குவார்ட்டர் முடிந்ததும் டீச்சர் அவளை வெளியே எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு கதவைக் கழற்றி வைத்த வீடுதான். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள்.

“இன்னா கோச்சிங் இது? நல்லா ஆடிக்கினு இருக்கிற பொண்ண எதுக்கு உட்கார வெக்கிறாங்க?” என்று ஜப்பார் வேலியைப் பிடித்து உலுக்குவார்.

“டயர்டா இருக்கும் பாய். நடுவுல நிக்கிறது லேசா?” என்பார் தங்கமணி.

“டயர்டு இன்னா டயர்டு! மலை ஏறி எறங்குற பொண்ணுய்யா. நம்ம ரெண்டு பேரையும் தூக்கிக்கினு ஓடும். டீச்சருக்கு அது மேல ஏதோ காண்டு.”

கண்ணகி பையை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பின் கேட் வழியாக வேகவேகமாகப் போவது தெரியும். “பாத்தியா, கோச்சுக்கினு போவுது!” என்று ஜப்பார் எல்லாருக்கும் காட்டுவார்.

“ஒருவாட்டி டீச்சர்கிட்டயே கேட்டுடலாமே பாய்?”

“கேட்டா இன்னா சொல்லப்போறாங்க? ஏதாவது சாக்கு சொல்லுவாங்க.”

அந்த வருடம் விழுப்புரத்து அணியிடம் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போனது. ஜப்பாருக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலேயே ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூச்சுவிடாமல் பேசி வாய்ஸ் மெசேஜ் போட்டார். “டிபென்ஸ்னா இன்னான்னே தெரியாதவங்க கையில டீம குடுத்தா இப்டித்தான். மலையிலேர்ந்து கஷ்டப்பட்டு வர்ற பொண்ண வேணும்னே ஒதுக்குறாங்க. இத கேக்க ஆளே இல்லையா?”

பேச்சு நன்றாக இருந்தது, அதுதான் வினை. ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பி, பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கிற பழைய மாணவர் சங்கத்துக்கே அது போய்விட்டது. டீச்சருடையது தற்காலிக வேலை. இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ஜப்பாருக்கு லேசாக உறுத்தியது, இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால், ‘நம்ம பேச்சுக்கும் மரியாதை இருக்கே’ என்ற பெருமை அந்த உறுத்தலை அமுக்கிவிட்டது.

புதிதாக வந்த இளஞ்செழியன், ஊர் என்ன கேட்டதோ அதையே செய்தார். சேலத்து அணியோடு நடந்த ஆட்டத்தில் கண்ணகியைக் கடைசிவரை எடுக்கவே இல்லை. அவள் ஒவ்வொரு பந்தையும் தட்டிவிட்டாள். நடுநடுவே வேலிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நம்மைத்தான் பார்க்கிறாள் என்று ஜப்பார் இரண்டு கையையும் ஆட்டினார். அணி ஜெயித்தது. கூட்டத்துக்கெல்லாம் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, வானத்தில் மிதக்கிற மாதிரி கடைக்குத் திரும்பினார்.

கடைக்குள், செருப்பு போட்டுப் பார்க்கிற ஸ்டூலில், ஆட்டத்தில் போட்டிருந்த பனியனோடு உட்கார்ந்து கண்ணகி அழுதுகொண்டிருந்தாள்.

“மலை பஸ்ஸு போயிடுச்சாம்ங்க. எதிர்ல நின்னு அழுதுக்கினு இருந்துச்சு. நான்தான் கூப்ட்டு உட்கார வெச்சேன்” என்றார் ஜீனத்துன்னிசா.

“ஜெயிச்சுட்டு அழுவலாமாம்மா? ஒருநாள் பஸ்ஸு போனா இன்னா?” என்றார் ஜப்பார்.

“கடைசி பஸ்ஸுக்கு வூடு வந்து சேர்ந்தாதான் படிப்புன்னு சொல்லித்தாங்க அப்பா அனுப்புனாரு. ஹாஸ்டல்லாம் கூடாதுன்னுட்டாரு. டீச்சர் இருந்தப்ப மூணாவது குவார்ட்டர் முடிஞ்சதும் ‘ஓடு, ஓடு’ன்னு தொரத்திவுடுவாங்க. புது சார்கிட்ட கெஞ்சுனேன், விடலைங்க.”

ஜப்பார் வாசல் வழியே பஸ் நிலையத்தைப் பார்த்தார். ‘வெள்ளிமலை, வெள்ளிமலை’ என்று கண்டக்டர் கூவுவதைக் கேட்டுக் கேட்டே வருடக்கணக்காகக் கடை நடத்துகிறவர். கண்ணெதிரே புறப்பட்டுப் போகிற பஸ். ஆட்ட நாளில் மைதானத்தில் நிற்கும்போது ஒரு தடவையாவது அது நினைவுக்கு வந்ததா? அட பாவி மனுஷா!

மலையில் ரேஷன் கடைக்காரரைப் பிடித்து, அவள் அப்பாவுக்குத் தகவல் சொல்ல முடிந்தது. அன்று ராத்திரி ஜப்பார் வீட்டிலேயே தங்கிவிட்டு, காலையில் முதல் பஸ்ஸில் கண்ணகி ஏறினாள். அந்தப் பனியனைத் துவைத்துப் போட்டிருந்தார்கள். கொடியிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜெயசுதா டீச்சர் இப்போது சின்னசேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, நம்பர் வாங்கி ஜப்பார் பேசினார்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர்?”

“யார்கிட்ட பாய் சொல்றது? கடைசிவரைக்கும் நிக்க முடியாத பொண்ணு டீமுக்கு எதுக்குன்னு கேப்பாங்க. அப்புறம் மலைப் பொண்ணு ஒண்ணக் கூட சேக்க மாட்டாங்க. தோத்த பேரு என் தலையோட போவட்டும்னு விட்டேன். நீங்க நேர்ல வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் பாய்.”

அவர் கோபமாகத் திட்டியிருந்தால்கூட ஜப்பாருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு கண்ணகி கல்லூரிக்கு வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் ஜப்பார். பிறகு பனியனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸில் ஏறினார். நடந்ததற்கெல்லாம் தான்தான் காரணம் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும், காலில் விழுந்தாவது அவளைத் திரும்பவும் படிக்க அனுப்ப வைக்க வேண்டும் என்பதுதான் நினைப்பு. வளைவுக்கு வளைவு பஸ் திரும்பும்போதெல்லாம் சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவள் அப்பா அய்யனார் வாசலில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஜப்பாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“வாங்க பாய், வாங்க. நீங்க மட்டும் இல்லன்னா அன்னிக்கு எம்பொண்ணு கதி இன்னாவாயிருக்கும்? நீங்களும் வூட்டம்மாவும் நல்லா இருக்கணும்.”

“அது இல்லைங்க. அன்னிக்கு பஸ்ஸ விட்டது அந்தப் பொண்ணு தப்பில்ல...”

“தப்பு யாருதாவும் இருக்கட்டும். இனிமே அனுப்பறதா இல்ல பாய். அந்த டீச்சரம்மா இருந்தவரைக்கும் எனக்கு பயமே கெடையாது. அவுங்கள எவனோ கண்டபடி பேசித் தொரத்திட்டானாமே? அவன் வாயி வெளங்குமா?”

ஜப்பார் கதவோரம் நின்ற கண்ணகியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அந்தப் பேச்சு அவள் போனுக்கும் வந்திருந்தது, குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் அவள் சொல்லவில்லை.

பனியனை எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். “அய்யனாரு, நான் ஒண்ணு சொல்லணும்...” என்று ஆரம்பித்தார். மேல் வளைவில் ஹாரன் சத்தம் கேட்டது.

“ஐயோ, கடைசி பஸ்ஸு!” அய்யனார் பதறிப்போய் அவர் பையை எடுத்துக் கையில் திணித்தார். “இத விட்டா எறங்க முடியாது. எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம். ஓடுங்க பாய், ஓடுங்க!”

அதற்குள் கண்ணகி ரோட்டுக்கு ஓடிவிட்டாள். நடு ரோட்டில் நின்று, அந்த நீளமான கையை மேலே தூக்கி மறித்தாள். பஸ் நின்றது. ஜப்பார் ஏறிக்கொண்டார்.