ஆட்டிப் பார்க்கிறவர்

ஜாக்கி வைத்துத் தூக்கிய காரின் முன்சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஆட்டுகிறார். முதலில் மேலும் கீழும். பிறகு பக்கவாட்டில். எங்கேயாவது 'டக்' என்றால் போதும், லாட்டரி விழுந்த மாதிரி முகம் மலர்ந்துவிடும். "ஆட்டம் இருக்கு!" என்று பட்டறை அதிரக் கத்துவார். வண்டிக்காரர் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

மோதி வந்த கார்களுக்குக் கீழே படுத்துப் பார்ப்பதுதான் இவர் தொழில். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி வண்ணம் அடிக்க வேறு ஆள் உண்டு. ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா, சக்கரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் வளைந்துவிட்டனவா, பள்ளத்தில் இறங்கினால் வண்டி ஒருமுறை குனிந்து எழுந்து அடங்குகிறதா அல்லது விடாமல் குதிக்கிறதா, இதெல்லாம் இவர் இலாகா. "லேசாத்தாங்க இடிச்சுது" என்பவர்களை நம்பவே மாட்டார். "லேசா இடிச்சவன் இங்க எதுக்கு வர்றான்? வீட்டுக்குப் போய்க் காபி குடிப்பான்."

பழக்கம் பட்டறையோடு நிற்பதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பல் டாக்டர் இவர் கடைவாய்ப் பல்லைப் பிடித்து அசைத்தபோது, திறந்த வாயோடு, "மேல கீழயா, பக்கவாட்டுலயா?" என்று கேட்டாராம். டாக்டர் சிரித்து ஓயும்வரை வைத்தியம் நடக்கவில்லை.

இவரிடம் ஒரு கண்டிப்பான விதி உண்டு. வேலை முடிந்ததும் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டியவர் மோதியவர்தான். இவர் பக்கத்தில் உட்காருவார். "வண்டிய நான் சரி பண்ணிட்டேன். உங்க பயத்தையும் நானா ஓட்டிக் காட்ட முடியும்?" அழுதவர், கும்பிட்டவர், வயிற்றுவலி என்று சுருண்டவர், யாரையும் விட்டதில்லை.

போன வாரம் அந்த விதி இவர் கழுத்துக்கே வந்தது. ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட இவர் மனைவி, அடுத்த ஊரிலிருக்கும் அக்காவைத் தன்னந்தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, வாயில் பாட்டோடு திரும்பி வந்து, சொந்த வீட்டுக் கேட் தூணிலேயே மோதினார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சாவியை அலமாரிக்குள் எறிந்து, "சத்தியமா இனிமே தொட மாட்டேன்" என்றுவிட்டார். அக்கா வீடும் போயிற்று, பாட்டும் போயிற்று.

ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லும் மனிதருக்கு உள்ளூர ஒரே நிம்மதி! மனைவி ஓட்ட, பக்கத்தில் உட்காருவதென்றால் இவருக்கு அவ்வளவு நடுக்கம். "ஸ்டீயரிங்கே போச்சும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் விவகாரம் முடிந்தது. பட்டறையில் வைத்துச் சக்கரத்தை ஆட்டினார். டக். ஒரே ஒரு கம்பி வளைந்திருந்தது. மாற்றினார். மறுபடி ஆட்டினார். கல் மாதிரி நின்றது. பொய் சொல்ல வாயெடுத்தவருக்கு நாக்கு எழவில்லை.

"என்னங்க, ரொம்பக் கெடுத்துட்டேனா?" பட்டறை வாசலில் வந்து நின்ற மனைவியின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"தூணுக்குத்தான் பலத்த அடி. வண்டி நல்லா இருக்கு."

பெயின்டர் சும்மா இருப்பாரா? "அண்ணே, இடிச்சவங்கதானே ஓட்டணும்? அண்ணிக்கு மட்டும் சட்டம் வேறயா?"

பட்டறையே சிரித்தது. இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து, "ஏறும்மா, நான் இருக்கேன்ல" என்றார்.

"உங்க குரல்லயே ஆட்டம் இருக்கே!" என்றபடி ஏறினார் மனைவி.

ஆளில்லாத சாலை. வண்டி முதலில் ஊர்ந்தது. முதல் திருப்பம் தாண்டி நேர்ச்சாலை வந்ததும் மனைவியின் வாயில் மெல்லப் பாட்டு எட்டிப் பார்த்தது. இவர் தொண்டையைச் செருமினார். "இப்ப ஸ்டீயரிங்லேர்ந்து கையை எடு. ஒரு நிமிஷந்தான். எந்தப் பக்கமாவது இழுக்குதான்னு பாக்கணும்."

எடுத்தார். வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

"ஐயோ, தானா போகுதுங்க!" மனைவி சின்னப் பெண்ணாகச் சிரித்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார். "நான் விட்டுப் பாத்தாச்சு. நீங்க எப்ப விடப்போறீங்க?"

கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவர், ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார். பிறகு கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.