இரைச்சல் இல்லாத பிக்கப்

காளிதாசுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி தேன்மொழிக்கு அது தெரியும். மலேசியாவின் ஸ்கூடாயில் அவர்களுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் எனக்கும் தெரியும். தெரியக் கூடாதவர் சுகுமாறன். ஜொகூர் பாரு வட்டாரத்துக் கல்யாண மேடைகளில் பாடும் இசைக்குழு ஒன்றின் தலைவர் அவர். அந்தக் குழுவில் காளிதாஸ் பேஸ் கிட்டார் வாசித்தார். காது கேட்காத பேஸ்காரரை எந்தக் குழு வைத்துக்கொள்ளும்?

காளிதாஸ் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து இளவயதில் வந்து, பாசிர் கூடாங்கில் தகரத்தை அச்சில் அடிக்கும் ஆலையில் சேர்ந்தவர். காதடைப்பானை மாட்டினால் ஃபோர்மன் கூப்பிடுவது கேட்காது என்று அதைக் கழுத்தில் தொங்கவிட்டே காலத்தை ஓட்டிவிட்டார். வாரக் கடைசியில்தான் மேடை.

“அங்க ஏறினாத்தான் சார் நான் காளிதாஸ். ஆலையில நான் வெறும் மூணாம் நம்பர் மெஷினு” என்பார்.

பேஸில் தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் சிறு பெட்டிதான் பிக்கப். உள்ளே காந்தம், அதைச் சுற்றி மயிரிழைச் செம்புக் கம்பி. மேலே தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறந்து ஒலிபெருக்கிக்குப் போகும். காளிதாசிடம் இருந்தது பழைய ஒற்றைச் சுருள் பிக்கப். அதில் ஓர் உறுமல் உண்டு. ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் தலையில் ஏறி உட்காரும். கூடவே மேடை விளக்குகளின் மின்சாரத்தையும் உறிஞ்சி ‘ஙொய்’ என்று இரையும். புது வகைப் பிக்கப்பில் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள். ஒன்றில் ஏறும் இரைச்சலை மற்றது அடித்துவிடும்.

சுகுமாறன் மேடைக்குப் பெரிய எல்.இ.டி. திரை வாங்கினார். இரைச்சல் இரட்டிப்பாகியது.

“காளி, அந்த ஙொய்யிங்கிற சத்தம் உனக்குக் கேக்கலயா?”

“சுத்தமா கேக்கலண்ணே.”

“அதத்தான் நானும் சொல்றேன், சுத்தமா கேக்கல! பிக்கப்ப மாத்திரு. அடுத்து வர்ற கூலாய் ஊர்க் கல்யாணத்துக்குள்ள மாத்தலன்னா கீபோர்டுலயே பேஸ் வாசிச்சுக்குவோம்.”

காளிதாஸ் சொன்னது, அறவே கேட்கவில்லை என்று. சுகுமாறன் எடுத்துக்கொண்டது, தெளிவாக இல்லை என்று. அந்தத் தப்பர்த்தத்தில் காளிதாஸ் அன்று பிழைத்தார். பிழைத்ததோடு நிற்காமல், பழுது பிக்கப்பில்தான் என்று நம்பவும் பார்த்தார்.

“பிக்கப்தான் சார் பழசாயிருச்சு. காந்தம் தளந்திருக்கும். புதுசு போட்டா எல்லாம் கேக்கும்” என்றார் என்னிடம்.

“நான் கூப்பிட்டாத் திரும்புறதில்லயே, அதுக்கும் காந்தமா?” என்றாள் தேன்மொழி, அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று.

“இத்தன வருஷம் ஒன் கொரலக் கேட்ட காது. கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும் லா.”

அவள் சிரிக்கவில்லை.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன கூட்டம் பாலம் வழியே திரும்பிச் சாலையை அடைப்பதற்குள் வந்துவிட வேண்டுமே என்ற பதற்றத்தோடு, வெளிநாட்டுக்காரனுக்கே உரிய பயத்தில் பாஸ்போர்ட்டை வழக்கம்போல் சட்டைப்பையில் இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, நான்தான் அவரை ஜொகூர் பாருவுக்குக் காரில் கூட்டிப்போனேன். கிட்டார் பழுதுபார்க்கும் குணாளன் புதிய பிக்கப்பைப் பொருத்தி முடித்தார். பழைய பிக்கப் உள்ள கடை பேஸ் ஒன்றையும் பக்கத்தில் எடுத்து வைத்தார். எந்த வாடிக்கையாளரானாலும் அவர் கடையில் ஒரு வழக்கம்: சுவரைப் பார்த்து நின்றுதான் கேட்க வேண்டும்.

“கண்ணு பொய் சொல்லும்ணே. புதுசுன்னு பாத்தாலே புதுசாத்தான் கேக்கும். அந்தப் பக்கம் திரும்புங்க.”

காளிதாஸ் திரும்பி நின்றார். குணாளன் முதலில் பழையதை வாசித்தார். உறுமல், இரைச்சல், ஒன்றன்மேல் ஒன்று சரியும் சுரங்கள். பிறகு புதியதை எடுத்தார். தோலுரித்த கடலை மாதிரி ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுந்தது. நடுவில் அப்படி ஒரு நிசப்தம்.

“எது நல்லாருக்குண்ணே?”

காளிதாஸ் காலை மாற்றி ஊன்றினார். சற்றுக் கழித்து, சுவரைப் பார்த்தபடியே காளிதாஸ் சொன்னார்: “குணா, ஆரம்பி லா. காலு வலிக்குது.”

“அலமாக், அண்ணனுக்குக் குசும்பப் பாருங்க” என்று சிரித்த குணாளன், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

இத்தனை நாள் காளிதாசுக்குக் கேட்டதெல்லாம் வயிற்றோடு ஒட்டியிருந்த அந்த மரத்தின் அதிர்வு. இன்று பேஸ் வேறொருவர் மடியில் இருந்தது.

எங்கள் மௌனம் எப்படியோ அவருக்கு எட்டியிருக்க வேண்டும். திரும்பினார். “வாசிச்சிட்டியா?”

இரண்டும் ஆயிற்று என்று குணாளன் இரண்டு விரலைக் காட்டினார்.

“எது சார் நல்லாருந்துச்சு?” என்று காளிதாஸ் என்னைக் கேட்டார்.

“புதுசு.”

“அப்பப் புதுசே இருக்கட்டும்.”

குணாளன் அவர் எதிரில் வந்து நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசினார். “வேணாம்ணே. பழசுல தப்பு விழுந்தா கொழகொழன்னு மூடிக்கும். இது மூடாது. எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும்.”

“பழசோட போனா மேடையில ஏத்த மாட்டாரு. நான் என்ன பண்ண?” காளிதாஸ் பேஸை வாங்கி உறையில் போட்டார். “டாக்டரப் பாத்தாச்சு குணா. போனது போனதுதானாம். சுகுமாறன் அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராத.”

கூலாய் கல்யாண மண்டபத்தில் மதிய விருந்து; நானும் கூடப் போயிருந்தேன். முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போயின. டிரம்ஸ்காரரின் காலைப் பார்த்தே காளிதாஸ் தாளம் பிடித்தார். துளி இரைச்சல் இல்லை. சுகுமாறன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். காளிதாசின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில், கூட்டத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்த சுகுமாறன் திரும்பாமலே, “அரைக்கட்ட ஏத்து!” என்று குரல் கொடுத்தார். எல்லாரும் ஏறினார்கள். காளிதாஸ் மட்டும் பழைய சுருதியிலேயே நின்றார். பழைய பிக்கப்பாக இருந்தால் எங்கோ ஏதோ குமுறுகிறது என்று போயிருக்கும். இதில் ஒவ்வொரு தப்பு சுரமும் மண்டபத்தின் நடுவில் தனியாக எழுந்து நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள். சுகுமாறன் திரும்பி முறைத்தார். காளிதாஸ் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, சிரித்தபடி இன்னும் அழுத்தி வாசித்தார்.

சுகுமாறனே நடந்து போய் பேஸ் ஒலிபெருக்கியை அணைத்தார். கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸை எடுத்துக்கொண்டார். காளிதாஸ் அது தெரியாமல் கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரு பாட்டைக்கூட விடாமல் வாசித்தார்.

முடிந்ததும் குனிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுகுமாறன் அவர் பின்னால் வந்து நின்றார்.

“காளி, இனிமே வராத. முடியல.”

வயர் சுருண்டுகொண்டிருந்தது.

“காளி!”

அப்போதுதான் சுகுமாறனுக்குப் புரிந்தது. கோபமெல்லாம் வடிந்தது. பிறகு என்னைப் பார்த்து, “நீங்களே சொல்லிருங்க சார்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

காளிதாஸ் நிமிர்ந்தார். வேர்வையைத் துடைத்தபடி என் வாயையே பார்த்தார். நான் சொன்னேன். முதல் தடவை அவருக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை உதட்டை விரித்து விரித்துச் சொன்னேன்: “இனிமே வர வேணாமாம்.”