கம்பளிப் பெட்டி இல்லாத ஊர்

மார்கழி பத்தாம் தேதி. டில்லியில் ரயிலேறிய நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு மலையாளக் கரையில், தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினேன். குதிரைவண்டிக்காரர் என் கம்பளிக் கோட்டைப் பார்த்துவிட்டு, காய்ச்சலா, ஆஸ்பத்திரிக்கு விடட்டுமா என்று விசாரித்தார். கரமனைக்கு என்றேன். இரண்டு மைலுக்கு அந்த ஊர்க் காசில் எட்டுச் சக்கரம் கேட்டார், கொடுத்தேன்.

நான் ஊர் சுற்ற வரவில்லை. டில்லியில் குளிர் தொடங்கும் ஐப்பசிக் கடைசியில் கம்பளிப் பெட்டியைத் திறக்கும்போது என் மனைவி பார்வதிக்கு மூச்சிரைப்பு தொடங்கும். பங்குனியில் வெயில் ஏறி அதை மூடும்போது மறுபடியும் வரும். சென்ற மாதம் பிழைப்பாளா என்றே பயந்துபோனேன். காலம் மாறாத ஊரில் அவளை வையுங்கள் என்றார் டாக்டர். அப்படி ஓர் ஊர் உண்டா என்று பார்க்கத்தான், அவள் தம்பி விசு குமஸ்தாவாக இருக்கும் இந்த ஊருக்குத் தெர்மாமீட்டரும் கையுமாக வந்தேன்.

எட்டரை மணிக்கு விசுவின் வீட்டுக் கூடத்தில் பாதரசம் எழுபத்து மூன்று டிகிரி பாரன்ஹீட்டில் நின்றது. நான் புறப்பட்ட காலை டில்லியில் நாற்பத்தைந்து. கம்பளியெல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். விசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இங்க ரெண்டே காலந்தான், அத்திம்பேர். மழை பெய்யற காலம், பெய்யாத காலம். கம்பளிக்கு வேலையே இல்லை, கேட்டேளா."

மார்கழியைப் பார்த்தாயிற்று, மே மாதம் எப்படியோ? மாலை மூன்று மணிக்கு வானிலைக் கூடம் இருக்கும் குன்றில் ஏறினோம். அங்கே கணக்கெடுப்பவர் நாஞ்சில் நாட்டுக்காரர். பழைய பதிவுகளைப் பிரித்து வைத்தார். மே மாதத்துக்கும் டிசம்பருக்கும் சராசரியில் நாலைந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லை. பூமத்திய ரேகை பக்கத்தில் இருப்பதால் சூரியன் வருஷம் முழுவதும் அதிகம் விலகுவதில்லை என்றார். கடலும் அருகில், மண்ணைப்போல் சட்டென்று சூடேறாது, சட்டென்று ஆறாது. டில்லிக்கு இரண்டும் தூரம். சென்னைக்கும்தான் கடல் இருக்கிறதே, அங்கே ஏன் மே மாதம் அப்படிக் கொளுத்துகிறது என்று மடக்கினேன். அவர் சளைக்கவில்லை. உள்நாட்டு அனல் காற்றைச் சென்னை வாங்கிக்கொள்கிறது. இங்கே மலை மறிக்கிறது, வெயில் உச்சத்துக்குப் போவதற்குள் மழையும் வந்துவிடுகிறது என்றார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. மலையையும் கடலையும் சூரியனையும் பார்வதிக்காகவே யாரோ சேர்த்து வைத்ததுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் ரயிலடிக்கு வந்த விசு, "அக்காவை நாங்க பாத்துக்கறோம். நீங்க எப்போ வருவேள்?" என்று கேட்டான்.

அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை. என் உத்தியோகம் டில்லியில். வருஷத்துக்கு ஒரு மாத லீவு. அதில் போகவரவே எட்டு நாள்.

ரயில் நகர்ந்ததும் பார்வதிக்குக் கார்டு எழுதினேன். ஊர் அவளுக்கு ஒத்துக்கொள்ளும், கம்பளி எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று. அடுத்த ஐப்பசியில் அந்தப் பெட்டியை நான் ஒருவன்தான் திறக்க வேண்டும் என்பதை எழுதவில்லை.