காட்டிக்கொடுத்த ரத்தம்

போன கார்த்திகை மாதம், விருத்தாசலத்தில் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் நடந்தது இது. நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் கணவர் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிறவர். சில வருடங்களாகவே அவருக்கு சொரியாசிஸ். முழங்கை, முதுகு, தலை எல்லாம் செதில் செதிலாக உதிரும். பாயை உதறி உதறியே நான் ஓய்ந்துபோனேன். ஆனால் டாக்டரிடம் போகிற அன்று மட்டும் மனிதர் மாப்பிள்ளை ஆகிவிடுவார். தேங்காய் எண்ணெயில் ஊறி, பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, ஒரு செதில் விடாமல் எடுத்து, வெந்நீரில் குளித்து, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு கிளம்புவார்.

"ஏங்க, இருக்கறத அப்படியே காட்டுனாத்தான அவங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டால், "படிச்சவங்க முன்னாடி அசிங்கமாவா போயி நிக்கச் சொல்ற?" என்பார். தனியாகப் போய், அதே களிம்போடு திரும்பி வந்து, "கொஞ்சமாத்தான் இருக்குதாம்" என்று பெருமை வேறு. தலையில் அடித்துக்கொள்வேன்.

இந்த முறை நானும் கூடவே போனேன். காரணம், அவருடைய விரல்கள். காலையில் எழுந்தால் வீங்கி விறைத்துக் கிடக்கும். சட்டைப் பட்டனைக்கூட நான்தான் போட்டுவிட வேண்டும். பிரஷ் பிடிக்க முடியாமல் போனால் அந்த மனிதருக்கு வேறு என்ன தெரியும்? அந்தப் பயம் எனக்கு.

விரலைப் பார்த்ததும் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மறுநாள் ரிப்போர்ட்டோடு போனோம். அன்றைக்கும் எண்ணெய்க் குளியல்! டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், இவர் நீட்டிய கையைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டுகிற சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். இரண்டும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன.

"தோல்ல கம்மியா இருக்குது, ரத்தத்துல இவ்ளோ ஏறியிருக்குதே. காய்ச்சலு, பல்லுவலி எதனா இருக்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க" என்றார் இவர், பவுடர் மணக்க.

எனக்குப் பொறுக்கவில்லை. "சட்டையக் கழட்டச் சொல்லுங்கம்மா! தேச்சித் தேச்சி எடுத்துட்டு வந்து நிக்கறாருங்க!" என்று கத்தியே விட்டேன். வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

முதுகு முழுக்கச் சிவந்து, தேய்த்த இடங்களில் ரத்தம் கசிந்திருந்தது. டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம். தேய்க்கத் தேய்க்க இது அதிகமாகும், விரல் மூட்டுகளையும் பிடித்துவிட்டது, இன்னும் விட்டிருந்தால் விரல்கள் கோணிப்போயிருக்கும் என்று திட்டித் தீர்த்துவிட்டு, மருந்தை மாற்றினார். ஆட்டோவில் இவர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மானத்த வாங்கிட்டியே."

இப்போது வீக்கம் வடிந்து, பட்டனை அவரே போட்டுக்கொள்கிறார். பொம்மைக்குக் கண்ணும் எழுதுகிறார். ஆனாலும் டாக்டரிடம் போகிற நாளில் எண்ணெய்ப் பாட்டிலை ஒளித்து வைத்துவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. வைத்தியம் பார்க்கிறவரிடமே நல்ல பெயர் வாங்க நினைக்கிற மனிதரை என்னதான் செய்வது? அவர் மறைத்ததை அவருடைய ரத்தமே சொல்லியிருக்காவிட்டால், வெறும் வெட்கத்துக்கு அந்த விரல்களைப் பறிகொடுத்திருப்போமே என்று நினைக்கும்போது மட்டும், கோபமெல்லாம் போய், அவர் பட்டன் போடுவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.